மாமனார் எந்த வகை?

அமீர்தீன் ஹஜ்ரத்துக்கு உதாரணம் இல்லாமல் பாடம் நடத்த வராது. உதாரணம் தேடி அவர் வெகுதூரம் போகிறவரும் இல்லை. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மாமனார் வீடு இருந்தது. உலகத்தில் உள்ள எல்லா வகை மனிதர்களையும் அல்லாஹ் அந்த ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான் என்பது ஹஜ்ரத்தின் கட்சி.

வாரநாட்களில் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது அவருக்குப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு பஞ்சுக் கடையின் மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பது ஆசைக்கு. மில் பிட்டர், கறிக்கோழிக் கடைக்காரர், டவுன் பஸ் கண்டக்டர் என்று வருகிறவர்கள் எல்லாம் வாரம் முழுக்க நின்றே பிழைப்பவர்கள். உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். பாடமோ ஹதீஸ் கலைச் சொற்கள். நபிகள் நாயகம் சொன்னார்கள் என்று ஒருவர் வந்து சொன்னால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. உமக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே மேலே போகவேண்டும். நடுவில் எங்கேயும் சங்கிலி அறுந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் நாணயமானவராக இருக்கவேண்டும், கேட்டதைக் கேட்டபடி நினைவில் வைத்திருக்கிறவராகவும் இருக்கவேண்டும். அவரைவிட நம்பகமானவர்கள் சொன்னதற்கு அது முரணாகிவிடக் கூடாது, உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறும் கூடாது. இத்தனையும் தேறினால்தான் அது ஸஹீஹ்.

"அதுக்கு அடுத்தது ஹஸன்," என்பார் ஹஜ்ரத். "இதுலதான் நம்ம பெரியவுக ஆளுக்கு ஒண்ணு சொல்லிருக்காக. ஒருத்தர், வந்த வழி தெரியணும், சொன்னவுக பேரு தெரிஞ்சவுகளா இருக்கணும், அதான் ஹஸன்னாரு. இன்னொருத்தர், பொய் சொல்றவுகன்னு சந்தேகப்படுத ஆளு இருக்கக் கூடாது, வேற வழியிலயும் அதே சேதி வந்திருக்கணும்னாரு. பின்னால வந்தவரு, ஸஹீஹுக்கு உள்ள அம்புட்டும் இருந்து, நெனவு மட்டும் ஒரு சுத்து கொறைஞ்சிருந்தா அது ஹஸன்னு முடிச்சு வச்சாரு."

"சாம்பாருல உப்பு மட்டும் கம்மி," என்பார் கோழிக்கடைக்காரர் கண்ணைத் திறக்காமலே.

"அதேதான். கொட்ட வேண்டியதில்ல, சாப்பிடலாம்."

பலவீனமான அறிவிப்பாளர் என்றதும் வகுப்பு முழித்துக்கொள்ளும். ஏனென்றால் அங்கேதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். டயர்க் கடை வைத்திருக்கும் மைத்துனன் சிக்கந்தர், காலையில் லாரி கவிழ்ந்ததைக் கேட்டால் சாயங்காலம் சொல்லும்போது அதைக் கப்பலாக்கியிருப்பான். நல்ல மனுஷன், நினைவுதான் ஓட்டை. மதுரையில் இருக்கும் சகலை பொய்யே சொல்லமாட்டார். 'கலெக்டர் சொன்னார்' என்று மட்டும் சொல்வார். நேரில் கேட்டதாக அவர் எங்கே சொன்னார்? நாமாக நினைத்துக்கொள்கிறோம், நடுவில் இருந்த டீக்கடைக்காரர் காணாமல் போய்விடுகிறார். இதற்குத் தத்லீஸ் என்று பெயர், சகலைக்கு முதல்லிஸ் என்று பெயர். பெயர் சொல்லாமல் 'ஒருத்தர் இருக்காரு' என்றுதான் ஹஜ்ரத் ஆரம்பிப்பார். ஆனால் அந்த ஒருத்தர் பக்ரீதுக்கு ஹஜ்ரத் வீட்டுக்கு வந்தபோது மில் பிட்டர் எழுந்து நின்று, "கலெக்டர் சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டார்.

இந்த வகுப்பு நன்றாகப் போகப் போக ஹஜ்ரத்துக்கு ஒரு துணிச்சல் வந்தது. பாடங்களை எல்லாம் தமிழில் ஒரு புத்தகமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். எழுதியதைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் முனீஸ்வரியிடம் கொடுத்தார். மார்க்கம் வேறாக இருந்தாலும் அந்தப் பெண் அரபி எழுத்தைக்கூடக் கோணாமல் அடிப்பாள். உதாரணங்களை ரசித்தும் அடித்தாள். அதுதான் வினையாகப் போனது.

ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் ஹஜ்ரத்தின் மனைவி மைமூனைப் பார்த்த முனீஸ்வரி, "அக்கா, அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவரு கதைய அடிக்கையில சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வவுறு வலிச்சுப்போச்சு. நெசமாவே பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா மில்லு கேட்டுக்கு வழி சொல்லுவாராக்கா?" என்று கேட்டாள். மைமூன் வெண்டைக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மைமூனின் தகப்பனார் பீர்முகம்மது ராவுத்தர் ஒரு மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நினைவுக்கு ஊரே சாட்சி. எந்தத் தொழிலாளி எந்த ஷிப்டில் எந்தச் சாக்குச் சொல்லி லீவு போட்டான் என்று கேட்டால், அந்த மழையையும் சேர்த்துச் சொல்வார். கொஞ்ச காலமாகத்தான் ஒரு தடுமாற்றம். 'வயசாச்சுல்லா' என்று சிக்கந்தர் சொல்லிவிட்டான், எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டார்கள். ஹஜ்ரத் மட்டும் அதற்கு அரபியில் சரியான பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 'முக்தலித்: நினைவு பிசகியவர்' என்று தலைப்பிட்டு, கீழே மாமனாரை உதாரணமாக உட்கார வைத்துவிட்டார்.

"எங்க அத்தாவ அச்சடிச்சு விக்கப் போறீகளா?" என்றாள் மைமூன்.

"பேரு போடல மைமூன். அதுவும் இது வசவு இல்ல. முக்தலித்னா ஆளு நம்பகமானவருன்னு அர்த்தம். நெனவு பிசகுறதுக்கு முந்தி சொன்னத ஏத்துக்கிடணும். பொறவு சொன்னத விட்டுறணும். எப்பக் கேட்டதுன்னு தெரியாதத நிறுத்தி வைக்கணும். எம்புட்டு நியாயமான ஏற்பாடு பாரு. பெரிய பெரிய இமாமுகளப் பத்தியே இப்படி எழுதி வச்சிருக்காக."

"அவிய மவுத்தானதுக்குப் பொறவு நீங்க படிக்கிறீக. எங்க அத்தா சோபாவுல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்காக. இது புறம் பேசுறது இல்லையா?"

"மார்க்கத்தைப் பாதுகாக்கச் சொல்றது புறம் ஆகாதுன்னு..."

"எங்க அத்தா என்னைக்கு ஹதீஸ் சொன்னாக? அவிய லீவு லெட்டருல கையெழுத்துப் போட்டவுக."

ஹஜ்ரத் கையில் இருந்த கிதாபை மூடி வைத்தார். முனீஸ்வரிக்குப் போன் போட்டு அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார். மைமூன் அப்போதும் சமாதானம் ஆகவில்லை; பேச்சை நிறுத்தி வைத்தாள்.

வீட்டில் நிலைமை இப்படி இருக்கும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுபாவா ராவுத்தர் வந்து இறங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், கையில் பெரிய டப்பா நிறையப் பால்கோவா. ஆளைப் பார்த்ததுமே ஹஜ்ரத்துக்கு விஷயம் சாதாரணமானது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சும்மா வரும்போது பால்கோவா கொண்டுவருவதில்லை, வெளியூர்க்காரர்கள்தான் வாங்குவார்கள்.

"சம்பந்தி," என்று ஆரம்பித்தார் காட்டுபாவா.

ஹஜ்ரத் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

விஷயம் இதுதான். ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வரும்போது, பள்ளிவாசல் வாசலில் பத்துப் பேர் பார்க்க, பீர்முகம்மது ராவுத்தர் காட்டுபாவாவின் கையைப் பிடித்து, தன் வீட்டுப் பெண்ணை அவர் வீட்டுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். காட்டுபாவாவின் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான், பையன் தங்கம். ஹஜ்ரத்தின் ஒரே மகள் நிலோபர் பி.பார்ம் கடைசி வருஷம் படிக்கிறாள். அதற்கென்ன, படிப்பைக் கட்டிக்கொண்டு வந்தாலும் சரி, விட்டுவிட்டு வந்தாலும் சரி என்று காட்டுபாவா பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஹஜ்ரத் எச்சில் விழுங்கி முடிப்பதற்குள் வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. வத்திராயிருப்பிலிருந்து செய்யது மசூது. பிளவக்கல் பக்கம் தென்னந்தோப்பு உள்ளவர். அவர் கையிலும் பால்கோவா. இருவரும் பழக்கம் உள்ளவர்கள், ஆகவே கட்டித் தழுவிக்கொண்டார்கள். காட்டுபாவா, தன் தரப்புக்குச் சாட்சி சொல்ல ராவுத்தர்தான் மசூதை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார். மசூதும் காட்டுபாவாவைப் பற்றி அப்படியே நினைத்தார். கொஞ்ச நேரம் இருவரும், "ராவுத்தர் வாக்குன்னா வாக்குதான்," என்று ஒருவருக்கொருவர் ஒத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எம்.பி.ஏ. என்று மசூது சொன்னபோதுதான் காட்டுபாவாவின் முகம் மாறியது. அவர் மகன் பத்தாவதோடு நின்றவன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நிலோபர் தகப்பனாரைச் சாடை காட்டிக் கூப்பிட்டாள்.

"அத்தா, எனக்கு மொத்தம் எத்தன மாப்பிள்ள?"

"இப்போதைக்கு ரெண்டு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். பரீட்ச எழுதி, வேலைக்குப் போயி, பொறவு பாப்போம்னு நீங்கதான சொன்னீக. ஸ்ரீவில்லிபுத்தூர் நன்னாவும் அதைத்தான சொன்னாக." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. "நீங்க பாத்துக்கிடுவீகல்ல?"

பாத்துக்கிடுதேன் என்றார் ஹஜ்ரத். எப்படி என்றுதான் தெரியவில்லை. பெண்ணுக்குச் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை, அவர் மாட்டேன் என்று சொன்னால் விஷயம் முடிந்தது. ஆனால் அது சட்டம். ஊர் வாய் வேறு. ஆயுசுக்கும் ஒரு சொல் பிசகாத மனுஷன் பள்ளிவாசல் வாசலில் வாக்குக் கொடுத்து, அதை மருமகன் காலில் போட்டு மிதித்தான் என்றாகும். இல்லையென்றால் ராவுத்தருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும். மகளைக் காப்பாற்றினால் மாமனார் போவார், மாமனாரைக் காப்பாற்றினால் மகள் போவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராவுத்தர் வீட்டிலேயே, ராவுத்தரை வைத்துக்கொண்டே பேசித் தீர்ப்பது என்று விருந்தாளிகள் இருவரும் முடிவு செய்துவிட்டு, ஒரே ஆட்டோவில் ஒருவரையொருவர் முறைத்தபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

நடுவில் கிடைத்த நாளில் ஹஜ்ரத் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். ஒருவருடைய நினைவு எப்போது பிசகியது என்று அறிய, அந்தக் காலத்து அறிஞர்கள் ஊர் ஊராகப் போய் அக்கம்பக்கத்தாரை விசாரிப்பார்கள். ஹஜ்ரத்தும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், திருமுக்குளத்துப் படிக்கட்டில் தினமும் மாமனாரோடு உட்கார்ந்து பேசும் பத்ரிநாதனைப் பிடித்தார். பத்ரிநாதன் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் நாமம் கலையாதவர், ராவுத்தருக்கு நாற்பது வருஷச் சிநேகிதர்.

"மாமாவுக்கு எப்பேர்ந்து மறதி வந்துச்சு சாமி?"

"அவருக்கு மறதியா? யார் சொன்னா? எனக்குத்தான் ஓய் மறதி. அவர் சொல்றதெல்லாம் எப்ப நடந்ததுன்னு எனக்கு ஞாபகம் வரமாட்டேங்கறது," என்றார் பத்ரிநாதன். ஹஜ்ரத்துக்கு இந்தச் சிநேகிதத்தைப் பார்த்து நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் ஒரு சாட்சியாக இது எதற்கும் உதவாது. விடாமல் கேட்டார். பெண் வாழ்க்கைப் பிரச்சினை என்று சொன்னார். பத்ரிநாதன் வேட்டி முனையை முறுக்கிக்கொண்டே குளத்தைப் பார்த்தார்.

"போன புரட்டாசியிலே, ஒரு சனிக்கிழமை மலைக்குப் போயிட்டு வந்தேன். அன்னிக்குத்தான் மொதல்ல கூப்பிட்டார். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், நீர் குடும்பத்தோட வரணும்னார். அப்புறமும் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுட்டார். மாப்பிள்ளை யாருன்னு கேட்டேன். இன்னும் திகையலைன்னார்."

"நிலோபருக்குத்தான?"

பத்ரிநாதன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இல்லை ஓய். மைமூனுக்கு."

ராவுத்தர் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பது ஹஜ்ரத்தின் பெண்டாட்டிக்கு. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹஜ்ரத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிருஷ்ணன்கோவில் விலக்கு தாண்டியாச்சா என்று கண்டக்டரிடம் கேட்டார்; அது மதுரை போகிற வழி, இந்த பஸ் ராஜபாளையம் போகிறது என்று கண்டக்டர் சொன்னார். அவ்வளவு குழப்பத்தில் இருந்தார். அப்புறம் ஒன்று உறைத்தது. மாமனாரின் உலகத்தில் மைமூனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்படியென்றால் அந்த உலகத்தில் அமீர்தீன் என்று ஒரு மருமகனே கிடையாது. நோம்புக்கு நோம்பு கஞ்சி ஊற்றிக் கொடுத்து, 'மருமகனே, இன்னும் ஒரு அகப்ப' என்று சொன்ன மனுஷன்.  வீட்டுக்கு வந்து மைமூனிடம் சொன்னார். நிறுத்தி வைத்திருந்த பேச்சை அவள் அன்றைக்கு ஆரம்பித்தாள், ஆனால் சண்டை போடவில்லை. அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ராவுத்தர் தும்பைப்பூ வேட்டி கட்டி, தொப்பி வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொன்னார். யார் பார்த்தாலும் இவருக்கு ஒரு குறை என்று சொல்லமாட்டார்கள். கட்சிக்காரர்கள் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மைமூனும் நிலோபரும் உள்ளறை வாசலில் நின்றார்கள். சிக்கந்தர் டீ கொண்டுவந்தான்.

ஹஜ்ரத் ஒரு வழி வைத்திருந்தார். மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், கேட்டவர்களை வைத்தே காரியத்தை முடிப்பது.

"காட்டுபாவா அண்ணன், மாமா சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லணும். கருத்த இல்ல, வார்த்தைய."

"அதான் சொன்னேனே. பேத்திய எம் வீட்டுக்குத் தாரேன்னாக."

"பேத்தின்னு சொன்னாகளா?"

"வேற எப்படிச் சொல்லுவாக?"

"மெக்கா பக்கம் பாத்துச் சொல்லுங்க."

காட்டுபாவா மெக்கா இருக்கும் திசையில் திரும்பினார். அங்கே ஜன்னல் வழியாக மேற்குமலை தெரிந்தது. நல்ல மனுஷன், செருப்பு விற்கும்போதுகூட அளவு சின்னது என்றால் சின்னது என்று சொல்கிறவர். அவருக்கு வேர்த்தது. "வார்த்தையின்னு கேட்டா... 'மைமூன ஒங்க வீட்டுக்குத் தாரேன்'னுதான் சொன்னாக. மகளுக்குத்தான் கல்யாணமாயி பேத்தி எடுக்குற வயசாச்சே, ராவுத்தர் வாய் தவறிச் சொல்றாகன்னு நாந்தான் சரிபண்ணிக்கிட்டேன்."

பேத்தி எடுக்கிற வயசு என்றதும் உள்ளறை வாசலில் ஒரு கனைப்பு எழுந்தது. மசூதைக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்டயும் மைமூன்னுதான்," என்றார்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில் ஒரே வார்த்தை வந்து சேர்ந்துவிட்டது. வகுப்பாக இருந்தால் ஹஜ்ரத் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் காட்டுபாவா அத்தோடு விடவில்லை. கூட்டத்தில் முகம் கறுத்துவிட்டதல்லவா.

"அப்ப என்ன சொல்ல வாரீக ஹஜ்ரத்? ராவுத்தருக்கு மூளை கலங்கிருச்சுங்கீகளா? நல்லா இருக்காகன்னா நாக்குத்தான் தவறிருக்கு, பேத்தியக் குடுக்கணும். நல்லா இல்லன்னா, அத நீங்க வாயைத் தொறந்து சொல்லணும். நீங்க ஓதுனவுக. சொல்லுங்க."

 ராவுத்தர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகை செய்தார். ஹஜ்ரத் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது அரபியில் ஒரே ஒரு சொல். கறுப்பு மையில் பத்து வரி விளக்கமும் எழுதி வைத்தவர்தான். அந்தச் சொல்லை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு பெரிய அறிஞரிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றியே கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார் அவர், விடாமல் கேட்கவே, தலையைக் குனிந்து யோசித்துவிட்டு, இது மார்க்கம், என் தகப்பனார் பலவீனமானவர்தான் என்று சொன்னார். அதை எத்தனையோ தடவை ஹஜ்ரத் வாய் மணக்கச் சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு முன்னால் அவர் குனிந்த தலையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

மைமூன்தான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நான் சொல்லுதேன். எங்க அத்தாவுக்கு நெனவு பிசகிப்போச்சு. போன புரட்டாசிக்குப் பொறவு அவிய சொன்ன எதையும் யாரும் கையில புடிச்சுக்கிட்டு வரக்கூடாது." குரல் உடைந்தது, நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அதுக்கு முந்தி அவிய சொன்னது அம்புட்டும் நெசம். அதுல ஒரு சொல்லு கொறைன்னு எவனாவது சொன்னா, நான் செருப்புக் கடைன்னும் பாக்கமாட்டேன், தோப்புன்னும் பாக்கமாட்டேன்."

 காட்டுபாவா தரையைப் பார்த்தார். ராவுத்தருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததா, விழுந்தும் யாரைப் பற்றியோ என்று விட்டுவிட்டாரா தெரியவில்லை. மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மைமூன், வந்தவுகளுக்கு டீ குடுத்தியாம்மா? இந்தத் தம்பி யாரு?"

அவர் கை காட்டியது ஹஜ்ரத்தை. ஹஜ்ரத்துக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நேரில் வந்தபோது வலித்தது. மைமூன் புருஷனைப் பார்த்தாள். கண்ணீரைத் துடைத்தாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு வந்தது.

"பொண்ணு பாக்க வந்திருக்காக அத்தா."

"அப்படியா!" ராவுத்தர் நாற்காலியை ஹஜ்ரத் பக்கம் திருப்பினார். டைம் ஆபீசில் லீவு கேட்டு வந்தவனைப் பார்க்கும் பார்வை அப்படியே இருந்தது. "தம்பி எந்த ஊரு?"

"ராஜபாளையம், மாமா."

"என்ன சோலி?"

"ஓதிக்கொடுக்கேன். யாரு சொன்னா எடுத்துக்கிடணும், யாரு சொன்னா எடுத்துக்கிடக் கூடாதுன்னு பாடம் எடுக்கேன்."

ராவுத்தர் கண்ணைச் சுருக்கினார். "அப்ப நான் சொன்னா எடுத்துக்கிடுவீகளா?"

இரண்டு கட்சிக்காரர்களும் நிமிர்ந்தார்கள். ஹஜ்ரத் இத்தனை காலம் படித்த வரையறைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் எதுவும் இந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது இல்லை.

"எடுத்துக்கிடுவேன் மாமா," என்றார்.

"அப்ப சரி. மைமூன ஒங்களுக்குத்தான் தாரேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வேற யாருக்கும் வாக்குக் கெடையாது." ராவுத்தர் சபையைச் சுற்றிப் பார்த்தார். கட்சிக்காரர்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலத் தலையாட்டினார்கள். பிறகு மகளிடம் திரும்பினார். "நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன். ஒன்னயக் கேக்கணும்லம்மா. ஒனக்குச் சம்மதமா?"

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கேள்விக்காவது மைமூன் பதில் சொல்லாமல் விட்டு ஹஜ்ரத் பார்த்ததில்லை. கேட்ட கேள்விக்கும் சொல்வாள், கேட்காததற்கும் சொல்வாள். இப்போது அவள் தகப்பனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல் வரவில்லை. நிலோபர் வந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ராவுத்தர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மார்க்கம் தெரிந்த மனுஷனாகச் சபைக்கு விளக்கினார்.

"கன்னிப் பொண்ணு பேசாம நின்னா சம்மதம்னு அர்த்தம்."

"வாஸ்தவம்தான்," என்று காட்டுபாவா எழுந்து வந்து ஹஜ்ரத்தைக் கட்டித் தழுவி, "மாப்பிள்ளைக்கு வாழ்த்துக்கள்," என்றார்.